மோட்டர் ஆண்பால், கம்பெனி பெண்பால்: பேச்சுப் பஷ்தோவில் ஆங்கிலம்

கேள்வி இதுதான்: பாகிஸ்தானின் பெஷாவர், ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத், காந்தஹார் பக்கத்தில் சாதாரண ஆட்கள் பேசும் பஷ்தோவில் ஆங்கிலம் எவ்வளவு கலந்திருக்கிறது? இலக்கணத்தையும் மாற்றிவிட்டதா? பஷ்தோ கற்பவர், மொழிபெயர்ப்பவர், ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுபவர் எதைக் கவனிக்க வேண்டும்?

சொற்கள் ஏராளமாக வந்திருக்கின்றன. ஆனால் வாக்கியத்தின் எலும்பு அசையவில்லை. உள்ளே வரும் ஆங்கிலச் சொல்லுக்குப் பஷ்தோ முதலில் ஆண்பால், பெண்பால் பார்த்து இடம் ஒதுக்குகிறது. அதன்பின் பன்மை விகுதி, வேற்றுமை எல்லாம் தானாக ஏறிக்கொள்கின்றன. 'எவ்வளவு' என்பதற்கு மட்டும் ஒரே விடை கிடையாது. டியூரண்ட் கோட்டுக்கு (பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் இடையிலான எல்லை) கிழக்கே இருக்கும் ஆங்கிலம் வேறு, மேற்கே இருக்கும் ஆங்கிலம் வேறு. கிழக்கே அது படைமுகாம், நீதிமன்றம், ரயில், பள்ளிக்கூடம் வழியாக, பெரும்பாலும் உருதுவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. மேற்கே பாரசீகமும் பிரெஞ்சும் முன்பே உட்கார்ந்திருந்தன. போதாக்குறைக்கு அரசே புதுச்சொல் செய்து கொடுத்தது.

முதலில் ஒலி. பஷ்தோவில் நம் தமிழைப் போலவே த வேறு, ட வேறு. ஆங்கிலேயர் சொல்லும் t, d நம் காதில் ட ஆக விழுவது போலவே பஷ்தோ பேசும் பஷ்தூன் காதிலும் விழுகிறது. டாக்டர், மோட்டர், டிகட், ஸ்டாப் எல்லாம் அழுத்தமான நாமடி ஒலிகள். பாரசீகத்தில் இந்த ட கிடையாது. அதனால் காபூலில் தாரி மொழி (ஆப்கன் பாரசீகம்) பேசுபவர் 'தாக்தர், மோதர்' என்பார், பக்கத்துக் கடையில் இருக்கும் பஷ்தூன் 'டாக்டர், மோட்டர்' என்பார். ஒரு சொல் எந்த வழியாக வந்தது என்று துப்பறிய இது நல்ல தடயம். 'கார்ட்' என்று நாவை மடித்தால் அது இந்திய வழி வந்தது, 'கார்த்' என்று பல்லில் தட்டினால் பாரசீகம் வழி வந்தது என்று கொள்ளலாம். எப்போதும் சரிப்படாது, பெரும்பாலும் சரிப்படும்.

ஃப என்ற ஒலி பஷ்தோவுக்குச் சொந்தமானதல்ல. படித்தவர்கள் ஒலிப்பார்கள். நாட்டுப்புறப் பேச்சில் அது ப ஆகிவிடும். அரபியிலிருந்து வந்த 'ஃபிக்ர்' (கவலை, எண்ணம்) 'பிகர்' ஆனதும், 'ஃபாய்தா' 'பாய்தா' ஆனதும் இப்படித்தான். அதே ஆலையில் ஆங்கில ஃபீஸ் 'பீஸ்' ஆகிறது, ஃபெயில் 'பேல்' ஆகிறது, போட்டோ அப்படியே 'போட்டோ'தான். இந்த வித்தையைத் தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆங்கில v இதழைக் குவித்த வ ஆகும். வோட்டு, விசா, வீடியோ எல்லாம் அப்படி. உருதுவில் இருக்கும் மூச்சொலிகள் (கஹ, தஹ வகை) பஷ்தோவில் இல்லாததால் 'த்ரீ நாட் த்ரீ' துப்பாக்கி 'த்ரி நாட் த்ரி' என்றே வரும்.

ஒரே ஒரு இடத்தில் பஷ்தூன் நாக்கு அண்டை மொழிகளைவிட ஆங்கிலத்துக்கு நெருக்கம். உருதுக்காரர் 'இஸ்கூல்' என்று முன்னால் ஒரு இ சேர்ப்பார். பஷ்தூனுக்கு அந்தத் தேவை இல்லை, நேரே 'ஸ்கூல்'. பஷ்தோவில் சொல் முதலிலேயே இரண்டு மெய்கள் சேர்ந்து வருவது சகஜம். வெள்ளைக்கு 'ஸ்பின்'. வழியில் பார்க்கிறவருக்குச் சொல்லும் முகமனே 'ஸ்தரய் ம ஷே', அதாவது 'களைத்துப் போகாதிரு'. இதைச் சொல்லிப் பழகிய வாய்க்கு ஸ்கூல் ஒரு பாரமா?

இனி பால். இங்கேதான் கற்பவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். பஷ்தோவில் உயிரற்ற பொருளுக்கும் ஆண்பாலோ பெண்பாலோ உண்டு. ஆங்கிலத்தில் பால் கிடையாது. எனவே சொல்லின் கடைசி ஒலியைப் பார்த்துத்தான் பஷ்தோ முடிவு செய்கிறது. மெய்யில் முடிந்தால் அநேகமாக ஆண்பால்: மோட்டர், பஸ், டிகட், மொபாய்ல், கம்ப்யூட்டர். ஆங்கிலத்தில் இ ஒலியில் முடியும் சொற்கள், கம்பெனி, பார்ட்டி, பாலிசி, பேட்டரி, அசெம்ப்ளி போன்றவை, பஷ்தோவின் ஒரு பெண்பால் வகுப்புக்குள் அப்படியே புகுந்துவிட்டன: கம்பனய், பார்டய், பாலிசய், பேட்ரய், அஸம்ப்லய். (கடைசி 'அய்' வாய் அதிகம் திறக்காமல் ஒலிப்பது.) பஷ்தோ எழுத்தில் 'யே' ஐந்து வடிவங்களில் உண்டு. அவற்றில் வால் வைத்த ஒன்று இந்தப் பெண்பால் முடிவுக்கு என்றே இருக்கிறது. கம்பெனிக்கும் பார்ட்டிக்கும் அந்த வாலைத்தான் போட்டு எழுதுவார்கள்.

குறில் அகரத்தில் முடிந்தாலும் பெண்பால். விசா 'விஸ' ஆகும், கமிட்டி 'கமேட' ஆகும். ஆணாக இருந்தால் 'டாக்டர்', பெண்ணாக இருந்தால் 'டாக்டர' என்று ஓர் அகரம் கூடும். நர்ஸ் 'நர்ஸ'. ஓகாரத்தில் முடியும் ரேடியோ, வீடியோ, போட்டோ ஆகியவையும் பெண்பால். பெயரடை இதற்கு ஏற்ப மாறும்: பெரிய மோட்டர் 'லோய் மோட்டர்', பெரிய கம்பெனி 'லோய கம்பனய்'.

பன்மையில் ஆங்கில ஸ் வராது. ஆட்கள் என்றால் ஆன்: டாக்டரான், லீடரான், மிம்பரான். உயிரற்ற ஆண்பால் என்றால் ஊன: மோட்டரூன, டிகடூன, பமூன (குண்டுகள்). விஸ என்பதற்கு விஸே, ரேடியோவுக்கு ரேடியோகானே, வீடியோவுக்கு விடியோகானே. வேற்றுமை ஏறும்போது இன்னொரு மாற்றம். 'டாக்டர்களுடைய' என்றால் 'த டாக்டரானோ', 'மோட்டர்களில்' என்றால் 'ப மோட்டரூனோ கே'. இந்த 'ப … கே' சொல்லை இருபுறமும் அணைத்து நிற்கும் உருபு. சொல் பஷ்தோவா ஆங்கிலமா என்று அது பார்ப்பதில்லை.

வினைக்கு வருவோம். ஆங்கில வினை நேராகப் பஷ்தோ விகுதி ஏற்காது. நாம் 'சார்ஜ் பண்ணு', 'சார்ஜ் ஆகு' என்கிறோமே, அதே ஏற்பாடு அங்கும் உண்டு: பண்ணு என்பதற்குக் 'கவல்', ஆகு என்பதற்குக் 'கேதல்'. நிகழ்காலத்தில் இவை சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். நான் மொபைலைச் சார்ஜ் பண்ணுகிறேன் என்பது 'ஜ மொபாய்ல் சார்ஜவம்'. (பஷ்தோ 'நான்' உண்மையில் ஆங்கில ஸெட் ஒலியில் தொடங்கும், தமிழில் அதற்கு எழுத்தில்லை.) மொபைல் சார்ஜ் ஆகிறது என்பது பெஷாவரில் 'சார்ஜேகி', காந்தஹாரில் 'சார்ஜேழி' என்பது போல ஒலிக்கும்.

இறந்தகாலத்தில் கதை தலைகீழ். பஷ்தோவில் செயப்படுபொருள் உள்ள வினை இறந்தகாலத்தில் எழுவாயோடு அல்ல, செயப்படுபொருளோடுதான் இயையும். 'நான் மொபைலைச் சார்ஜ் பண்ணினேன்' என்பது 'மா மொபாய்ல் சார்ஜ் கர்'. 'நான் பேட்டரியைச் சார்ஜ் பண்ணினேன்' என்பது 'மா பேட்ரய் சார்ஜ் க்ர'. (இந்த ர நாவை மடித்துச் சொல்வது.) பேசுவது ஆணா பெண்ணா என்பது இங்கே பொருட்டே இல்லை. மொபைல் ஆண்பால், அதனால் கர். பேட்டரி பெண்பால், அதனால் க்ர. ஓர் ஆங்கிலச் சொல்லின் வால் ஒலி பஷ்தோ வினைமுற்றையே ஆட்டிவைக்கிறது. புதிதாகக் கற்பவர் பேட்டரிக்குக் 'கர்' போட்டுவிட்டால், உச்சரிப்பு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்நியர் என்று அந்த ஒரு எழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னும் ஒரு நுணுக்கம். 'நான்', 'நீ' என்பதற்குப் பஷ்தோவில் 'மே', 'தே' என்ற ஒட்டுச்சொற்கள் உண்டு. இவை வாக்கியத்தில் இரண்டாம் இடத்தில்தான் நிற்கும். மொபைல் என்று சொல்லாமல் 'சார்ஜ் பண்ணிட்டேன்' என்று மட்டும் சொல்ல வேண்டுமானால் 'சார்ஜ் மே கர்'. சார்ஜ் முதல் அழுத்தச்சொல்லாகிறது, 'மே' அதன் தோளில் ஏறிக்கொள்கிறது. எதிர்மறையும் அந்த இடுக்கில்தான் நுழையும்: 'சார்ஜ் ந ஷோ', சார்ஜ் ஆகவில்லை. ஆங்கிலச் சொல்லையும் பஷ்தோ வினையையும் ஒரே சொல்லாக எண்ணி ஒட்டி மனப்பாடம் செய்தவர்கள் இங்கே திணறுவார்கள். பிரித்துப் பழகுங்கள்.

மிஸ்டு கால் சமாசாரம் தனி அழகு. பஷ்தோவில் 'கொடு' என்ற வினைக்குத் திசை உண்டு: என்னை நோக்கி என்றால் ரா, உன்னை நோக்கி என்றால் தர், அவரை நோக்கி என்றால் வர். 'எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு' என்பது 'மிஸ் கால் ராக'. 'அவனுக்குக் கொடு' என்பது 'மிஸ் கால் வர்க'. யாருக்கு என்று தனிச்சொல் போட வேண்டியதே இல்லை. கைபேசி வந்த பிறகு பிறந்த பேச்சு, ஆனால் உடல் முழுக்கப் பழைய பஷ்தோ.

இப்போது இரண்டு வழிகளின் கதை. 1849-இல் பஞ்சாபோடு சேர்த்துப் பெஷாவரையும் பிரிட்டிஷார் எடுத்துக்கொண்டார்கள். 1893-இல் டியூரண்ட் கோடு. 1901-இல் வடமேற்கு எல்லைப்புற மாகாணம் தனியாகப் பிரிந்தது. 1913-இல் பெஷாவரில் இஸ்லாமியா கல்லூரி. 1925-இல் கைபர் கணவாய் வழியே லண்டி கோத்தல் வரை ரயில். இந்தக் காலத்தில் வந்த சொற்கள் காதால் மட்டுமே கற்றவை, எனவே உருத்தெரியாமல் மாறியவை. ஜெனரல் 'ஜர்னேல்', கர்னல் 'கர்னேல்', பிளட்டூன் 'பல்டன்', லாந்தர் 'லால்டேன்', கவர்னர் துரை 'லாட் ஸாஹிப்', மருந்து கலக்குபவர் 'கம்போடர்'. நம் கம்பவுண்டரின் தம்பி. பாகிஸ்தானின் அவாமி தேசியக் கட்சியின் தேர்தல் சின்னம் அந்த லால்டேன்தான். ஆப்கன் பக்கம் அதே விளக்குக்கு 'அரிக்கேன்' என்ற பெயர் உண்டு. நம் அரிக்கேன் விளக்கு வந்த அதே 'ஹரிக்கேன்'.

பழங்குடிப் பகுதிகளில் ஆங்கிலம் படிக்காத கிழவர்களுக்கும் தெரிந்த மூன்று எழுத்து 'எஃப் ஸி ஆர்'. 1901-இன் எல்லைப்புறக் குற்ற ஒழுங்குமுறைச் சட்டம் அது. ஒருவன் செய்ததற்கு மொத்தக் குலத்தையும் தண்டிக்கலாம் என்ற அந்தச் சட்டம் 2018 வரை உயிரோடு இருந்தது. அதை நடத்திய அதிகாரி 'பொலிடிகல் ஏஜன்ட்'. அவர் ஆண்ட ஏழு பகுதிகளும் 'ஏஜன்சய்', அதாவது ஏஜென்சி, பெண்பால். 2018-இல் அவை மாகாணத்தோடு இணைந்து மாவட்டங்களாயின. ஆனால் ஏஜன்சய் என்ற சொல் ஓயவில்லை. பாகிஸ்தான் பக்கத்துப் பஷ்தோவில் உளவுத்துறைக்கும் அதே பெயர். எந்த ஏஜென்சி என்று சூழல் பார்த்துத்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

மேற்கே ஆப்கானிஸ்தானில் 1936-இல் அரச ஆணைப்படி பஷ்தோ அரசு மொழியானது. 1937-இல் 'பஷ்தோ டோலன' என்ற கழகம் அமைந்தது. அங்கிருந்து வந்த சொற்கள் அரசு அலுவலகம், பள்ளி, வானொலி மூலம் பரவின. சொல் செய்த விதம் தமிழர்களுக்குப் பழக்கமானதுதான். 'மேழ்தூன்' என்றால் எறும்புப் புற்று. அதிலுள்ள 'தூன்' இடத்தைக் குறிப்பது. அதை எடுத்து 'போஹன்தூன்' (அறிவுக்கு இடம், பல்கலைக்கழகம்), 'ரோக்தூன்' (நலமாகும் இடம், மருத்துவமனை) என்று கட்டினார்கள். விமானம் 'அல்வதக' (பறப்பது), ஹெலிகாப்டர் 'சோர்லக' (சுழல்வது). ரயிலே அநேகமாக இல்லாத நாட்டில் ரயிலுக்கு 'ஓர்காடய்', நெருப்பு வண்டி! ராணுவத்தில் கேப்டன் 'தூரன்', மேஜர் 'ஜக்ரன்' ('ஜக்ர' என்றால் போர்), கர்னல் 'டகர்வால்' ('டகர்' என்றால் களம்). ஜெனரல் மட்டும் 'ஜன்ரால்' ஆகவே நின்றுவிட்டது. பின்னாளில் மின்னஞ்சலுக்கு 'ப்ரேஷ்னாலிக்' வந்தது, மின்சாரம் + கடிதம்.

இவற்றோடு பிரெஞ்சும் உண்டு. 1922-இல் பிரெஞ்சு உதவியுடன் காபூலில் தொடங்கிய பள்ளியின் வழி வந்த 'லிஸே' இன்று ஆப்கன் பஷ்தோவில் மேல்நிலைப் பள்ளிக்குப் பொதுப்பெயர், 'லீஸ'. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு 'கான்கோர்', பிரெஞ்சு கோன்கூர். திட்டத்துக்குப் பெஷாவரில் 'ப்ராஜெக்ட்', காபூலில் 'ப்ரோஜ'. சைக்கிளுக்குப் பெஷாவரில் 'ஸாய்கல்', அங்கே 'பாய்ஸிகல்'. அறுவை சிகிச்சைக்குப் பெஷாவரில் 'அப்ரேஷன்', அங்கே அரபி வழி வந்த 'அமலியாத்'. ரத்த அழுத்தத்துக்குப் பெஷாவரில் 'ப்ளட் ப்ரெஷர்', அங்கே 'ஃபிஷார்'.

ஒரு எச்சரிக்கை. செய்த சொற்கள் எல்லாம் நாக்கில் ஏறிவிட்டன என்று நினைக்க வேண்டாம். போஹன்தூன் நன்றாகவே ஏறிவிட்டது. அதற்கு எதிராகப் பாரசீக 'தானிஷ்காஹ்' வேண்டும் என்று தாரிக்காரர்கள் சண்டை போடும் அளவுக்கு அது அரசியலாகவும் ஆனது. ஆனால் ரோக்தூன் பெயர்ப்பலகையிலும் செய்தியிலும்தான் அதிகம். வீட்டில் பலர் 'ஷஃபாகான' என்பார்கள், பெஷாவர்க்காரர் 'ஹஸ்பதால்' என்பார். வசனம் மொழிபெயர்க்கும்போது ஒரு லாரி ஓட்டுநர் வாயில் ரோக்தூனைப் போட்டால் அவர் பி.பி.சி. செய்தி வாசிப்பது போலிருக்கும்.

1979-க்குப் பிறகு இந்த இரண்டு வழிகளும் கலந்தன. இலட்சக்கணக்கான ஆப்கானியர்கள் பெஷாவரைச் சுற்றி அகதி முகாம்களில் இருந்து, பிறகு திரும்பினார்கள். ஜலாலாபாத் பேச்சு ஏற்கெனவே பெஷாவருக்கு நெருக்கம். இப்போது இன்னும் நெருக்கம். கிரிக்கெட்டே இந்த வழியில் போனதுதான். முகாமில் கற்ற பையன்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள், 2017-இல் நாடு டெஸ்ட் ஆடும் உரிமை பெற்றது, 2018-இல் முதல் டெஸ்டைப் பெங்களூரில் ஆடியது. மைதானத்தில் 'அவுட் ஷோ' என்பார்கள். ஆனால் வர்ணனையில் ரன் என்பது 'மன்டே' (ஓட்டங்கள்), அணி 'லோப்டல' (விளையாட்டுக் கூட்டம்), பந்து வீசுபவர் 'தோப் அச்சவூன்கய்'. சிக்ஸருக்கு 'ஷ்பகீஸ', ஆறு என்ற எண்ணிலிருந்து செய்தது. 2013-இல் தொடங்கிய உள்நாட்டு டி20 போட்டிக்கே அந்தப் பெயர்தான்.

போர் கொண்டுவந்த சொற்களைப் பட்டியல் போட மனம் வரவில்லை. இரண்டு போதும். ஒன்று, பாகிஸ்தானின் ஸ்வாத்தில் 2009-இலும் வடக்கு வஜிரிஸ்தானில் 2014-இலும் நடந்த ராணுவ நடவடிக்கை தந்தது. அப்போது வீடு விட்டு ஓடியவர்களுக்கு அலுவலகக் காகிதம் கொடுத்த பெயர் 'ஐ டி பி', உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தவர். அது அப்படியே மனிதரைக் குறிக்கும் பெயர்ச்சொல் ஆகிவிட்டது. அந்தப் பெயரால் கூப்பிடுவதைப் பலர் அவமானமாகவே கருதினார்கள், எனவே மொழிபெயர்ப்பில் யார் வாயிலிருந்து வருகிறது என்று பாருங்கள். மற்றது 'ட்ரோன்'. காதலியின் பார்வையை ட்ரோன் தாக்குதலுக்கு உவமிக்கும் சினிமாப் பாட்டு வரும் அளவுக்கு அது ஊறிப்போனது.

தெருவுக்கு வந்தால் நிம்மதி. பெஷாவர் பேருந்து நிலையத்தில் வேன் 'ஃப்ளையிங் கோச்', திறந்த பின்பக்கமுள்ள வண்டி எந்த நிறுவனம் செய்ததானாலும் 'டாட்ஸன்'. உடன் செல்பவர் 'கன்டக்டர்', லாரியில் 'கலீனர்'. ஓட்டுபவர் 'டிரேவர்' அல்லது 'மோட்டர்வான்'. இந்த வான் ஈரானிய விகுதி, ஆங்கில வேரில் ஒட்டியது. உணவுக்கடை 'ஹோட்டல்', தங்க அறை இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. இதுவும் நமக்குப் பழக்கம்தான். மின்வெட்டு 'லோட் ஷேடிங்'. கவலைப்படாதே என்பதற்கு 'டென்ஷன் ம அஹ்ல', டென்ஷன் எடுத்துக்கொள்ளாதே. சர்க்கரை நோய் 'ஷுகர்'.

உறவுப் பெயர்களில் ஒரு மாற்றம் கவனிக்கத் தக்கது. பஷ்தோவில் சித்தப்பா, பெரியப்பா மகன் 'தர்பூர்'. அகராதி 'ஒன்றுவிட்ட சகோதரன்' என்று எழுதும், ஆனால் தமிழில் சரியான சொல் 'பங்காளி'. நிலத்தில் பங்கு, அதனால் பகை. 'தர்பூர்வலி' என்றால் பங்காளிப் பகையேதான். இப்படி முள் உள்ள சொல்லைச் சாதாரண அறிமுகத்தில் சொல்வது சங்கடம். நகரத்துப் பேச்சில் 'கஸன்' (கசின்) இவ்வளவு எளிதாகப் பரவியதற்கு நாகரிக மோகத்தைவிட இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. தாய்வழி, தந்தைவழி, ஆண், பெண் எல்லாவற்றையும் அது ஒரே போர்வையில் மூடிவிடும். பெரியவரைக் கூப்பிடும் 'காக்கா', தாய்மாமனைக் கூப்பிடும் 'மாமா' ஆகியவற்றை மட்டும் அங்கிளால் கிராமங்களில் அசைக்க முடியவில்லை.

ஆங்கிலத்தின் தலையில் தவறாகக் கட்டப்படும் பழிகளும் உண்டு. 'அல்மாரய்' (அலமாரி), 'பால்டய்' (வாளி), பெஷாவரின் 'சாபி' (சாவி) எல்லாம் போர்ச்சுகீசியம், இந்தியா வழி வந்தவை. 'கிலாஸ்' என்றால் டம்ளர், அது ஆங்கிலம். ஆனால் பழக்கடையில் 'கிலாஸ்' என்றால் செர்ரிப் பழம், அது பாரசீகம், ஆங்கிலத்தோடு தொடர்பே இல்லை. 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்ற பொருளில் வரும் 'ஹ்பல் ஹ்யால் ஸாத' உருதுத் தொடரின் நகல். செய்திகளில் அலுக்க அலுக்க வரும் 'ரோல் லோபவல்' (பங்கு ஆற்று, சொல்லுக்குச் சொல் 'ரோலை விளையாட வை') மட்டும் அயல் தொடரின் நேரடி நகல் என்று சொல்லலாம். பழைய பஷ்தோவில் யாரும் ரோலை விளையாடியதில்லை.

இலக்கணம் உண்மையில் தளரும் இடம் பல்கலைக்கழக வளாகம். 'மா அஸைன்மென்ட் ஸப்மிட் கர்' என்று மாணவர் சொல்லும்போதும் வினையமைப்பு பஷ்தோதான். ஆனால் வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் இடையில் 'ஸோ', 'பட்', 'ஆக்சுவலி' வந்து உட்காரத் தொடங்கியிருக்கின்றன. பெயர்ச்சொல் கடன் வாங்குவது எந்த மொழிக்கும் கடினமில்லை. இணைப்புச் சொல் கடன் வாங்குவது ஒரு படி மேல். கவலைப்பட வேண்டுமானால் இங்கே பட வேண்டும். அப்படியும் பெஷாவரில் இந்த நெருக்கடியின் பெரும்பங்கு உருதுவுடையது. பள்ளியிலும் தொலைக்காட்சியிலும் உருது, அதன் மேலே ஆங்கிலம், வீட்டில் பஷ்தோ. பாகிஸ்தானில் 2017 கணக்கெடுப்பில் 18.24 சதவீதம் பேருக்குத் தாய்மொழியாக இருந்தும் உயர்கல்வியில் அதற்கு இடம் குறுகலே.

ஒலிப்பதிவு கேட்டு எழுதுபவர்களுக்கு: 'காபி' என்று கேட்டால் உடனே எழுதாதீர்கள். நோட்டுப் புத்தகம் (ஆங்கிலக் காப்பி) 'காபி'. ஃப வராதவர் சொல்லும் காஃபியும் 'காபி'. 'போதும்' என்ற பொருளுள்ள அரபிச் சொல் 'காஃபி'யும் அவர் வாயில் அப்படியே வரும். 'லம்பர்' என்றால் நம்பர். தொலைபேசி எண்ணும் அதுதான், தேர்வு மதிப்பெண்ணும் அதுதான். 'டிகட்' பஸ்ஸுக்கும் உண்டு, தேர்தலுக்கும் உண்டு. குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்தில் பஷ்தோ தட்டுபவர்கள் 'நல்லது' என்ற ஒரே சொல்லைப் பெஷாவரில் 'கஹ' என்றும் காந்தஹாரில் 'ஷ' என்றும் எழுதுவார்கள். மொழியின் பெயரே 'பக்தோ', 'பஷ்தோ' என்று இரண்டாகப் பிரிவது இதே எழுத்தால்தான். தேடும்போது இரண்டையும் தேட வேண்டும்.

பேசப் பழகுபவர்களுக்கு: தெரியாத பொருளுக்கு ஆங்கிலச் சொல்லைப் போடலாம், பெஷாவரில் பெரும்பாலும் புரியும். போடும்போது ட வை அழுத்துங்கள், வாலைப் பார்த்துப் பாலைத் தீர்மானியுங்கள், பன்மைக்கு ஸ் போடாதீர்கள். காந்தஹாரிலோ கஜ்னியிலோ அந்தத் தைரியம் வேண்டாம். அங்கே பாரசீகச் சொல்லோ டோலனச் சொல்லோதான் முதலில் எடுபடும். நன்றி சொல்வதிலேயே இது தெரியும்: பெஷாவரில் 'ஷுக்ரியா', ஆப்கனில் 'தஷக்குர்', இரண்டு பக்கமும் தூய பஷ்தோ விரும்புபவர்களிடம் 'மனன'. 'தேங்க்யூ' நான்காவதாக, இளைஞர்களிடம்.

பெஷாவரில் 2020 ஆகஸ்ட்டில் ஓடத் தொடங்கிய விரைவுப் பேருந்தை மக்கள் 'பி ஆர் டி' என்கிறார்கள். ஏறுமிடம் ஸ்டேஷன், போகும் வழி ரூட், தட்டுவது கார்ட், எல்லாமே ஆங்கிலம். பேருந்தின் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருக்கும் பெயர் மட்டும் 'ஸு'. 'போவோம்' என்று பொருள். அதுவும் பெஷாவர் வாய்ப்படி எழுதியது. காந்தஹார்க்காரர் அதையே 'ட்ஸு' என்பார்.